முட்டைக்குக் கட்சி கிடையாது

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பையில் இருப்பது பேட்டரி. பதினான்கு கிலோ. இடித்தால் அதற்கு ஒன்றும் ஆகாது, உங்கள் விரலுக்குத்தான் ஆகும். ஆசிட் எல்லாம் கொட்டாது, பயப்படாதீர்கள். மூடிய பேட்டரி. கண்டக்டரும் கேட்டார், "இது வெடிக்குமுங்களா?" என்று. "பஸ்ஸுக்குள்ளேயே இதைவிடப் பெருசா ஒண்ணு வச்சிருக்கீங்க. அது வெடிச்சுதுங்களா?" என்றேன். லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

நீங்கள் பாலக்காடு வரைக்குமா? நான் பாதியில் இறங்கிவிடுவேன். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிக் கொஞ்ச தூரம், கள்ளியம்பாறை. சம்பந்தி வீடு. கேரளாதான், ஆனால் பேச்செல்லாம் நம் பேச்சு. ரேஷன் கார்டு மட்டும் மலையாளம். என் மருமகள் கோகிலா நாற்பத்தோரு நாளாக அங்கேதான் இருக்கிறாள். சண்டை எல்லாம் கிடையாது. அங்கே காற்று நன்றாக இருக்கிறது, அதனால் இருக்கிறாள்.

என் பெயர் வெள்ளியங்கிரி. மின்வாரியத்தில் இருபத்தொன்பது வருடம் ரீடிங் எடுத்தேன். வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து எழுதுகிற வேலை. அந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. எழுதுகிறவன் கை வைக்கக் கூடாது. சேர்ந்த புதிதில் ஒரு வீட்டில் மீட்டர் பக்கத்தில் ஒரு வயர் கழன்று தொங்கியது. பாவம், விளக்கு எரியவில்லையே என்று நான் அதைச் சொருகிவிட்டேன். விளக்கு எரிந்தது. எனக்கு மெமோ வந்தது. பழுது பார்க்க வேறு ஆள், எழுத வேறு ஆள். எழுதுகிறவனே கை வைத்தால் எழுதியதை யார் நம்புவார்கள்? அன்றோடு சரி. இருபத்தொன்பது வருடம் பார்த்தேன், எழுதினேன், அடுத்த வீட்டுக்குப் போனேன். இந்தக் கட்சிக்காரர் வந்து "கொஞ்சம் குறைச்சு எழுதுங்க" என்பார், அந்தக் கட்சிக்காரரும் வந்து அதையே சொல்வார். இரண்டு பேருக்கும் மீட்டரைக் காட்டுவேன். எனக்குக் கட்சி கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையே இதுதான்.

சித்திரை மாதம் ஆரம்பித்தது. விஷுவுக்கு சம்பந்தி வீட்டில் விருந்து. சம்பந்தி ஆறுச்சாமிக்குத் தென்னந்தோப்பு. வீட்டு மொட்டை மாடியில் புதிதாக சோலார் தகடு வைத்திருந்தார். பத்துத் தகடு. அடைப் பிரதமன் பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டே என்னை மாடிக்குக் கூட்டிப் போய்க் காட்டினார்.

"எங்க பக்கம் இப்பல்லாம் கரண்டு போறதே இல்லீங்க சம்பந்தி. தண்ணி கரண்டு, இப்ப சூரியன் கரண்டு. உங்க ஊர்லதான் காத்தாடி சுத்துது, வீட்டுல ஃபேன் சுத்தறதில்லை" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். கோகிலாவும் சிரித்தாள்.

எனக்குக் கோபம் இல்லை. ஆனால் தப்பைத் தப்பு என்று சொல்ல வேண்டுமல்லவா? "உங்க தண்ணி கரண்டு உங்களுக்கே பத்தாதுங்க. வெளியில இருந்து வாங்கித்தான் எரிக்கறீங்க" என்றேன். "நீங்க வாங்கறதில்லீங்களா?" என்றார். நாங்களும் வாங்குகிறோம். அது உண்மைதான். அதையும் ஒப்புக்கொண்டேன்.

ஊருக்கு வந்து டீக்கடையில் சொன்னால் அங்கே வேறு மாதிரி. ஒரு பெஞ்சு, "எங்க ஆட்சில கரண்டு போச்சா?" என்கிறது. எதிர் பெஞ்சு, "உங்க ஆட்சில கரண்டு வந்துச்சா?" என்கிறது. கேரளாவைப் பற்றிப் பேச வந்தவன் இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். தண்டபாணி என்று ஒருவர், கட்சிக் கொடியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகிறவர், "நீங்க எந்தப் பக்கம் வெள்ளிங்கிரி?" என்றார். "நான் மீட்டர் பக்கம்" என்றேன்.

உங்களுக்கு இது தெரிந்திருக்கும். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஊறுகிறது என்பது ஒரு கேள்வி. அது மழைத் தண்ணீரா, ஊற்றுத் தண்ணீரா என்பது இன்னொரு கேள்வி. நம் வீட்டுக் குழாயில் வருகிறதா என்பது மூன்றாவது கேள்வி. குழாய் உடைந்திருந்தால் கிணறு நிறைந்திருந்தும் குடம் காலிதான். கரண்டும் அப்படியே. காற்றாலை, அணை, சோலார் எல்லாம் கிணற்றுச் சங்கதி. கம்பி, கம்பம், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் குழாய்ச் சங்கதி. ஜனங்கள் குழாய் உடைந்ததற்குக் கிணற்றைத் திட்டுகிறார்கள். கிணறு வெட்டியவன் எந்தக் கட்சி என்று கேட்கிறார்கள்.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். ஒரு நோட்டு வாங்கினேன். சம்பந்திக்கும் அதே மாதிரி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கரண்ட் எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது, ஏன் போனது. மூன்றே கட்டம். தினமும் இரவு எட்டு மணிக்குப் போனில் ஒப்பிட்டுப் பார்ப்போம். சித்திரை, வைகாசி, ஆனி, மூன்று மாதம். எங்கள் பக்கம் முப்பத்தொரு மணி நேரம் கரண்ட் இல்லை. அவர்கள் பக்கம் முப்பத்தெட்டு. வித்தியாசம் ஏழு மணி நேரம். நாள் கணக்குக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம்கூட வராது. எங்களுக்கு மாதாந்திரப் பராமரிப்பு, அவர்களுக்கு மரக்கிளை. அவ்வளவுதான். இந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் பெஞ்சுக்குப் பெஞ்சு நெஞ்சில் அடித்துக்கொள்கிறார்கள்.

யாராவது சந்தோஷப்பட்டார்களா? இல்லை. தண்டபாணி, "ஏழு மணி நேரம் நாமதான் கெலிச்சோம்" என்றார். எதிர் பெஞ்சு, "நம்ம வெள்ளிங்கிரி வாட்ச் மெதுவா ஓடுது" என்றது. சம்பந்தியோ, "நான் தூங்கறப்ப போனது வந்ததெல்லாம் எனக்கெப்படிங்க தெரியும்?" என்று கையை விரித்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு முட்டை யோசனை வந்தது.

கோகிலா நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து விற்கிறாள். மிஷின் வைத்து. ஒரு மிஷினில் இருநூற்று நாற்பது முட்டை. அவளிடம் இரண்டு மிஷின். இருபத்தொரு நாள் முப்பத்தேழரை டிகிரி சூடு விடாமல் இருக்க வேண்டும். சூடு நின்றால் உள்ளே இருப்பது செத்துவிடும். என் மகன் மணிவாசகம் கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். என் சம்சாரம் போய் நாலு வருடம் ஆகிறது. வீட்டில் நான், கோகிலா, மிஷின். அவள் அந்த மிஷின் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுப்பாள். மாடியில் சோலார் வைத்து, கூடவே பேட்டரியும் வைத்து, ஆயிரம் முட்டைக்குப் பெரிய மிஷின் போட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒப்பீடு முடியட்டும், தேவையா இல்லையா என்று தெரிந்துவிடும் என்றுதான் சொன்னேன்.

இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும் சொல்லுங்கள். முட்டை வாட்ச் பார்க்காது. தூங்கிவிட்டேன் என்று சொல்லாது. முட்டைக்குக் கட்சி கிடையாது, மாநிலமும் தெரியாது. ஒரு மிஷின் இங்கே, ஒரு மிஷின் அங்கே. ஒரே நாளில் ஒரே எண்ணிக்கை வைப்போம். இருபத்தொன்றாம் நாள் எண்ணிப் பார்ப்போம்.

கோகிலாவுக்கு அப்போது முந்நூறு குஞ்சுக்கு ஆர்டர் இருந்தது. உடுமலையில் அவளோடு படித்த பெண் புதிதாகப் பண்ணை வைக்கிறாள். முதல் பெரிய ஆர்டர். "இது நல்லபடியா முடிஞ்சா பெரிய மிஷினு போட்டுக்கலாமுங்க மாமா" என்றாள். ஒரு வாரம் ஸ்கூட்டரில் நாலு ஊர் சுற்றி முட்டை சேர்த்தாள். நாட்டுக்கோழி முட்டையை அதற்கு மேல் வைத்திருக்க முடியாது, பாருங்கள். ஒரு மிஷினை அம்மா வீட்டுக்கு அனுப்புவதற்கும் ஒப்புக்கொண்டாள். அவளுக்கு இந்த ஒப்பீட்டில் அவ்வளவு அக்கறை.

ஒரே ஒரு இடத்தில்தான் தயங்கினாள். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. மிஷினை அதில்தான் சொருகியிருந்தாள். சம்பந்தி வீட்டில் இன்வெர்ட்டர் இல்லை. "எதுக்குங்க? அதான் மேல சோலார் இருக்குதே" என்று இருந்துவிட்டார். அந்த மாதிரி சோலார், கம்பியில் கரண்ட் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஆள் ஏறி வேலை செய்கிறபோது மாடியிலிருந்து கரண்ட் இறங்கினால் அவன் செத்துப்போவான் அல்லவா, அதற்காகச் செய்த ஏற்பாடு. பேட்டரி இருந்தால்தான் வீட்டுக்கு மட்டும் தனியாக ஓடும். இது எனக்குத் தெரியும். சம்பந்திக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் உஷாராகிவிடுவார், ஒப்பீடு கெட்டுவிடும்.

அங்கே இன்வெர்ட்டர் இல்லாதபோது இங்கே மட்டும் இருந்தால் நியாயமா? அதனால் பிளக்கை இன்வெர்ட்டர் பாயிண்டிலிருந்து பிடுங்கி, பக்கத்தில் சாதா பாயிண்டில் சொருகினேன்.

"வேண்டாமுங்க மாமா" என்றாள்.

"இருபத்தொரு நாள்தானேம்மா. காத்து சீசன், கரண்டு எங்கே போகப்போகுது?"

"போச்சுன்னா?"

"போச்சுன்னா எழுதிக்கலாம்."

"நான் வீட்டுல இருந்தா மாத்திச் சொருகிக்குவனுங்க" என்றாள். சரி என்றேன். அவள் வீட்டில் இல்லாதபோது என்ன என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பதினோராம் நாள். உடுமலையில் கோழி வளர்ப்புப் பயிற்சி முகாம். காலை ஆறரைக்குக் கிளம்பிப் போனாள். ஏழு பத்துக்கு டமார் என்று ஒரு சத்தம். கரண்ட் போய்விட்டது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு மயில் உட்கார்ந்து, அதுவும் கருகி, டிரான்ஸ்ஃபார்மரும் போய்விட்டது. வேறு டிரான்ஸ்ஃபார்மர் வந்து மாட்ட வேண்டும். ஆட்கள் உடனே வந்தார்கள், நான் பார்த்தேன், அவர்கள்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது அரை நாள் வேலை, முக்கால் நாள் வேலை.

நான் நாற்காலியை எடுத்துக்கொண்டு வந்து மிஷின் முன்னால் போட்டேன். கண்ணாடி வழியாக உள்ளே தெர்மாமீட்டர் தெரியும். ஏழு பத்துக்கு முப்பத்தேழரை. எட்டு பத்துக்கு முப்பத்தைந்து. பத்து மணிக்கு முப்பத்திரண்டு. கால் மணிக்கு ஒரு முறை எழுதினேன். வெளியே காற்று என்றால் காற்று, அப்படி ஒரு காற்று. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தூரத்தில் ஏழு காற்றாலை ஒரே சீராகச் சுற்றுகின்றன. இங்கே முட்டை ஆறுகிறது. நான் சொன்னேன் அல்லவா, கிணறு வேறு, குழாய் வேறு. இதைவிடத் தெளிவாக யாராலும் காட்ட முடியாது.

பத்தரைக்குத் தண்டபாணி வந்தார். அவரை நான்தான் சாட்சியாக வைத்திருந்தேன். மிஷினைப் பார்த்தார். பிளக்கைப் பார்த்தார். அதற்கு ஒரு சாண் தள்ளி இன்வெர்ட்டர் பாயிண்ட், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது.

"ஏனுங்க வெள்ளிங்கிரி, இதைப் புடுங்கி அதுல சொருகுனா வேலை முடிஞ்சுதல்லோ?"

"முடியுமுங்க. அப்புறம் இந்த நோட்டு பொய் சொல்லும்."

"நோட்டு சொல்லிட்டுப் போகுதுங்க. முட்டை சாகுதல்லோ?"

"உங்க கட்சிக்குக் கெட்ட பேரு வந்துருமுன்னு பார்க்கறீங்க" என்றேன்.

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பார்த்தீர்களா? கட்சிக்காரர்களுக்கு உண்மையைச் சொன்னால் பிடிக்காது.

கோகிலா போன் செய்தாள். பதினொன்றரைக்கு ஒரு தடவை, ஒரு மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு இரண்டு தடவை. நான் எடுக்கவில்லை. எடுத்தால் கரண்ட் இருக்கிறதா என்று கேட்பாள். இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் மாற்றிச் சொருகச் சொல்வாள். அவள் சொல்லி நான் செய்யாமல் இருந்தால் அது நன்றாக இருக்காது. அதனால் எடுக்கவில்லை. போன் மேஜைமேல் நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்தது. விழுந்துவிடும் என்று நடுவில் தள்ளி வைத்தேன்.

ஐந்து இருபதுக்குக் கரண்ட் வந்தது. இருபத்தேழு டிகிரி. ஐந்து முப்பத்தைந்துக்கு அவள் வந்தாள். பஸ் ஸ்டாப்பிலிருந்து ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. மிஷினைத் திறந்து ஒரு முட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் இன்னொன்று. திட்டவில்லை. வைத்து மூடினாள்.

"எத்தனை மணிக்குங்க மாமா போச்சு?"

"ஏழு பத்துக்கு."

"நீங்க எங்கேயும் போகலீங்களா?"

"எங்கே போறது? இங்கேதாம்மா உட்கார்ந்திருந்தேன். எல்லாம் எழுதியிருக்கேன்."

நோட்டை வாங்கினாள். நின்றபடியே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். நாற்பது வரிக்கு மேல் இருக்கும். ஒரு வரிகூட விடவில்லை. அவ்வளவு கவனமாக என் நோட்டை வேறு யாரும் படித்ததில்லை. என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி இன்வெர்ட்டரில் சொருகினாள். நான் தடுக்கவில்லை.

மூன்று நாள் கழித்து இருட்டில் டார்ச் அடித்து ஒவ்வொரு முட்டையாகப் பார்த்தாள். உயிரோடு இருந்தால் உள்ளே சிவப்பாக நரம்பு ஓடும். முப்பத்தொரு முட்டையில் ஓடியது. மீதியை ஒரு கூடையில் அடுக்கி, தோட்டத்தில் குழி வெட்டி மூடினாள். நான் மண்வெட்டியை வாங்கப் போனேன். "நீங்க எண்ணிக்கையை எழுதிக்குங்க மாமா" என்றாள். எழுதினேன்.

இதற்கிடையில் பதின்மூன்றாம் நாளே அங்கேயும் கரண்ட் போயிருந்தது. மழை, பலாமரக் கிளை முறிந்து கம்பிமேல் விழுந்துவிட்டது. ஒன்பது மணி நேரம். மேலே பத்துத் தகடும் சும்மா கிடந்தன. சம்பந்தி போனில் அலறினார். "எங்க சோலாரும் நின்னு போச்சுங்க சம்பந்தி, இதென்னங்க அநியாயம்?" என்றார். அது அப்படித்தான் என்று அப்போது விளக்கிச் சொன்னேன். கிட்டத்தட்ட சரிக்குச் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

இருபத்தொன்றாம் நாள். எங்கள் மிஷினில் பத்தொன்பது குஞ்சு. அவர்கள் மிஷினில் நூற்று எண்பத்தெட்டு.

டீக்கடையைக் கேட்கவே வேண்டாம். ஒரு பெஞ்சு, "பார்த்தீங்களா ஆட்சி லட்சணத்தை" என்றது. எதிர் பெஞ்சு, "அந்த டிரான்ஸ்ஃபார்மரு உங்க ஆட்சில வச்சது" என்றது. மயிலைப் பற்றி யாரும் பேசவில்லை. சம்பந்தி, "இப்ப ஒத்துக்கறீங்களா?" என்று போன் செய்தார். தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஏதோ இடித்தது. அவர் நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பார்க்கிறேன், ஒன்பது மணி நேரம் கரண்ட் இல்லை, சூடு முப்பத்தைந்துக்குக் கீழே இறங்கவே இல்லை. அது எப்படி நிற்கும்? வெளியே மழை.

"சம்பந்தி, உண்மையைச் சொல்லுங்க."

"அது வந்துங்க... என்ர சம்சாரம் பாட்டில்ல சுடுதண்ணி ஊத்தி உள்ளே வச்சாளுங்க. அரை மணிக்கு ஒருக்கா மாத்திக்கிட்டே இருந்தா. கம்பளி வேற போத்தினா. அதுல என்னங்க தப்பு?"

அதில் என்ன தப்பு! கேட்டீர்களா? கரண்டை ஒப்பிடுகிறோம் என்று மூன்று மாதம் பாடுபட்டால் அந்தம்மா விறகு அடுப்பில் வெந்நீர் போட்டு ஜெயித்துவிட்டார்கள். இதற்கு நான் அன்றைக்கே என் வீட்டிலும் வெந்நீர் போட்டிருக்கலாமே? போட்டிருக்கலாம். அது வேறு விஷயம்.

கோகிலாவிடம் சொன்னேன். உங்கள் அம்மா செய்தது சரியில்லை என்று.

"நான்தான் மாமா சொன்னேன்" என்றாள். "முகாம்ல சொல்லிக் கொடுத்தாங்க. கரண்டு போனா சுடுதண்ணி பாட்டில் வைக்கோணுமுன்னு. அதைச் சொல்லத்தான் அன்னிக்கு உங்களுக்கும் கூப்பிட்டேன்."

"ஒப்பீடே கெட்டுப்போச்சேம்மா" என்றேன்.

"குஞ்சு பொரிச்சுதில்லீங்களா மாமா" என்றாள். அவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை.

மறுநாள் மிஷினைத் துணியில் சுற்றிக் கட்டினாள். பத்தொன்பது குஞ்சையும் அட்டைப்பெட்டியில் வைத்தாள். "அம்மா வீட்டுக்கு ஒரு பத்து நாள் போயிட்டு வர்றனுங்க மாமா" என்றாள். பத்து நாள் நாற்பத்தொன்றாகிவிட்டது. அங்கே வேலை இருக்கும். ஆர்டரில் பாதிக்கு மேல் கொடுத்துவிட்டாள், மீதிக்குத் தவணை கேட்டிருக்கிறாள் என்று மகன்தான் சொன்னான். அவன் இப்போது ஞாயிற்றுக்கிழமை நேராக அங்கேயே போய்விடுகிறான். கோயம்புத்தூரிலிருந்து அவனுக்கு அந்தப் பக்கம் பஸ் சுலபம்.

நான் சமைத்துக்கொள்கிறேன். ஒரு ஆளுக்கு என்ன பெரிய சமையல்? அவளுடைய பாய் சுருட்டி வைத்தபடி அந்த இடத்திலேயே இருக்கிறது. இரவில் கரண்ட் போனால் விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்து மணி பார்க்கிறேன். எழுதுகிறேன். காலையில் சொல்ல யாரும் இல்லை. டீக்கடைக்குப் போவதை விட்டுவிட்டேன். ஒரு நாள் தண்டபாணி வீட்டுக்கே வந்து, "அந்தப் புள்ளை வந்துருச்சுங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் அந்த இரண்டு பாயிண்டையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

இந்த பேட்டரியா? அதைத்தான் சொல்ல வருகிறேன். மறுபடியும் முதலிலிருந்து ஒப்பிட வேண்டும். இந்த முறை நியாயமாக. என் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதென்றால் அங்கேயும் ஒரு பேட்டரி இருக்கட்டும். மிஷினுக்குப் பின்னாலேயே சிவப்பு, கறுப்பு என்று இரண்டு முனை இருக்கிறது, நேராக மாட்டிவிடலாம். ஆறு மணி நேரம் தாங்கும். சார்ஜ் ஏற்றித்தான் கொண்டுபோகிறேன். அதற்காகத்தான். வேறு ஒன்றும் இல்லை.

எங்கள் வீட்டில் மிஷின் இல்லாமல் எதை எதோடு ஒப்பிடுவது என்கிறீர்களா? ம். நீங்களும் கவனமாகத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

நேற்று சாயங்காலம் போன் செய்தேன், நாளைக்கு வருகிறேன் என்று. "வாங்க மாமா. சாப்பாட்டுக்கு வந்துருங்க" என்றாள். அப்புறம் "புதுசா இருநூத்தி நாப்பது வச்சிருக்கேன். நாளைக்குப் பதினோராம் நாள்" என்றாள். போனை வைக்கும்போது, "நோட்டை மட்டும் கொண்டு வராதீங்க மாமா" என்றாள்.

கொண்டு வந்திருக்கிறேன். இதோ, மடியில். பழக்கம். கைக்கு ஏதாவது வேண்டியிருக்கிறது.

செக்போஸ்ட் எப்போதோ தாண்டிவிட்டது போலிருக்கிறது, நான் பேசிக்கொண்டே வந்துவிட்டேன். மேற்கே பாருங்கள், கறுத்துக்கொண்டு வருகிறது. இந்தப் பக்கத்து மழை கேட்டுக்கொண்டு வராது. அந்த வளைவு திரும்பினால் கள்ளியம்பாறைதான். அதோ பேக்கரி. அந்த பேக்கரி போர்டு பகலிலும் எரிந்துகொண்டிருக்கும், நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

எரியவில்லையே.

செல்போன் கடைக்காரர் வாசலில் வந்து நிற்கிறார். பக்கத்தில் மாவு மில்காரர். கரண்ட் போனால்தான் கடைக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வருவார்கள். இருபத்தொன்பது வருடமாகப் பார்த்திருக்கிறேன்.

ஏனுங்க டிரைவர், இங்கே ஆள் இறங்கணும்! கொஞ்சம் நிறுத்துங்க!

தம்பி, ஒரு கை கொடுங்கள். பையின் அந்தக் காதைப் பிடியுங்கள். தூக்கிவிட்டால் போதும், தோளில் வைத்துக்கொள்கிறேன். கால் கிலோமீட்டர்தான், நடந்துவிடுவேன். பிடித்துவிட்டீர்களா? மெதுவாக. ஆங், வந்துவிட்டது.

என்ன? நோட்டா? அது சீட்டிலேயே கிடக்கட்டும். எனக்கு இரண்டு கையும் வேண்டும்.

வழி விடுங்க, வழி விடுங்க, பேட்டரி.

ஆமாங்க மில்காரரே, சம்பந்தி ஆறுச்சாமி வீட்டுக்குத்தான். கரண்டுங்களா? எத்தனை மணிக்குப் போச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. நான் மணி பார்க்கலை.